பிள்ளைக்கு மட்டுமா ஆலோசனை? பெற்றோருக்கும்தான்!

கடைக் கணக்கு உதைத்தால் ஆடிட்டரைத் தேடி ஓடுகிறோம். நெஞ்சு லேசாக வலித்தால் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்து விடுகிறோம். ஆனால் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் மூன்று மாதமாக அறைக் கதவைத் தாழிட்டுக் கொண்டு கிடந்தால், 'வயசுக் கோளாறு, தானாகச் சரியாகி விடும்' என்கிறோம். சரியாகாவிட்டால் ஒரு தாயத்து. அதற்கும் மசியாவிட்டால் ஊருக்குத் தெரியாமல் மூடி மறைப்பது. ஏன்? தெரிந்து விட்டால் அவனுடைய அக்காவைப் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்களாம்!

இந்த வெட்கத்துக்கும் அறியாமைக்கும் நம் மாநிலம் கொடுத்த விலை என்ன தெரியுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றி நடந்து வந்த தனியார் காப்பகங்களில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகி மாண்டார்கள். அத்தகைய இடங்களுக்கு நோயாளிகளைக் கொண்டு போய் விட்டவர்கள் பகைவர்களா? பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். பாசம் இல்லாமல் அல்ல. போக வேறு இடம் தெரியாமல்!

இன்று அந்தச் சாக்குக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்து விட்டது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். இது தவிர, பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் பலர் கட்டணம் பெற்றுக் கொண்டு வீடியோ அழைப்பிலும் குடும்பங்களுக்கு ஆலோசனை தருகிறார்கள். மருத்துவமனை வாசலில் யாராவது பார்த்து விடுவார்களோ என்ற பயமும் தேவையில்லை.

வளைகுடா வாப்பாக்கள் கவனிக்க!

நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் வாப்பா துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறார்? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து போகும் விருந்தாளியாகி விட்டார். பிள்ளை வளர்ப்பு முழுவதும் உம்மாவின் தலையில். மகன் கெட்டால் பழியும் அவள் மேல்தான். குடும்ப ஆலோசனை என்றால் தாய், தகப்பன், பிள்ளை மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும். முன்பு இது நடக்காத காரியம். இன்று வாப்பா அங்கிருந்தும் உம்மா இங்கிருந்தும் ஒரே திரையில் ஆலோசகர் முன் அமர முடியும். மாதாமாதம் பணம் அனுப்பத் தவறாத சகோதரர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் அனுப்ப முடியாதா?

'நோய் பிள்ளைக்கு, நான் எதற்கு?' என்று கேட்காதீர்கள். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களிலும் 60களிலும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் நிறைந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. நம் நாக்கு மருந்தாகவும் இருக்கிறது, விஷமாகவும் இருக்கிறது. ஓரிடத்தில் நிற்காத, கவனம் குவியாத ஏ.டி.எச்.டி. பிள்ளைகள் விஷயத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? ஆறு வயதுக்குக் கீழ் என்றால் முதல் சிகிச்சையே பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். மருந்து அதற்குப் பிறகுதான். ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் இணையவழிப் பயிற்சியையே தொடங்கியது. பாடம் முதலில் நமக்கு!

சரக்கைப் பார்த்து வாங்குங்கள்!

வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிராக்கி உள்ள சரக்கில் போலியும் வரும். அமெரிக்காவில் 'பெட்டர்ஹெல்ப்' என்ற பெரிய இணைய ஆலோசனை நிறுவனம், ரகசியம் காப்பதாகச் சொல்லி விட்டு, வாடிக்கையாளர்களின் விவரங்களை ஃபேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. எனவே, பணம் கட்டும் முன் சில விஷயங்களைக் கேளுங்கள்:

1. மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு உண்டா? 'கவுன்சலர்' என்ற பெயர்ப்பலகை மட்டும் தகுதி ஆகாது.

2. பிள்ளை மைனர் என்றால், 2020ஆம் ஆண்டின் தொலைமருத்துவ விதிகளின்படி பெரியவர் ஒருவர் உடன் இருந்தால்தான் மருத்துவர் தொலைவழியில் பார்க்கலாம். அதைக் கேட்காமலேயே மருந்து எழுதுபவரிடமிருந்து விலகி விடுங்கள்.

3. நாம் பேசுவதைப் பதிவு செய்கிறார்களா? யாரிடம் கொடுப்பார்கள்?

இன்னொன்று. எல்லாவற்றையும் திரையில் தீர்த்து விட முடியாது. உயிரை மாய்த்துக் கொள்ள முயன்றவர், நாள்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருப்பவர், காதில் குரல் கேட்கிறது என்பவர் ஆகியோரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகி விடும் என்று அஞ்சி மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017 சட்டம் கருதுகிறது. தண்டனையை அல்ல, சிகிச்சையைத்தான் அரசின் கடமை ஆக்குகிறது. கணவன் கை நீட்டுகிற வீட்டில், அவன் அடுத்த அறையில் இருக்க மனைவி எப்படி வாய் திறப்பாள்? அவளுக்குத் தனியாகப் பேச இடம் வேண்டும்.

ரகசியமும் துஆவும்

'வீட்டு விஷயத்தை முகம் தெரியாதவரிடம் சொல்வதா?' என்கிறார்கள் சிலர். நான்கு சொந்தக்காரர்களிடம் சொல்கிறோமே, அது தெரு முழுவதும் பரவவில்லையா? நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது சிகிச்சை தருபவர் மீது சட்டம் விதித்த கடமை. நம் மச்சான் மீது அப்படி எந்தச் சட்டமும் இல்லை!

'துஆ போதாதா?' என்பார்கள் வேறு சிலர். துஆவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையும் போட்டுக் கொண்டுதானே துஆச் செய்கிறோம்? நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நபிகளாரிடம் பாடம் கற்ற சமுதாயம், மனதின் நோய்க்கு மட்டும் விதிவிலக்கு தேடுவது என்ன நியாயம்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஜமாஅத் நிர்வாகிகளே, நிக்காஹ், ஜனாஸா அறிவிப்புகள் எழுதும் பலகையின் ஓரத்தில் 14416 என்று நிரந்தரமாக எழுதி வையுங்கள். வீட்டில் தனிமை கிடைக்காத பெண்கள் வந்து பேச மதரஸாவில் ஓர் அறையை ஒதுக்குங்கள். வியாபாரிகளே, உங்களுக்கும் ஊழியர்களுக்கும் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் இடம் உண்டா என்று பாருங்கள். உடல்நோய்க்குச் சமமாக அதற்கும் வழி செய்ய வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை. இளைஞர்களே, அந்த எண்ணை இன்றே உம்மாவின் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மறுமையில் விசாரணை, ஊரார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி இருக்காது. அமானிதத்தை என்ன செய்தோம் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.