சர்வருக்கு எதற்கு முகப்பவுடர்?

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறதா? கிடக்கும். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 'விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை' என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனையோ நல்ல மெஷின்கள் மூலைக்குப் போய்விட்டன. தயவுசெய்து காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 64 பிட் மெஷினாக இருந்தால் போதும், அதில் லினக்ஸ் போட்டு வீட்டு சர்வர் ஆக்கலாம். குடும்பப் போட்டோக்கள், வீடியோக்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். வீட்டில் யார் போனில் கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்கும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-லிருந்து இலவசத்தை 15 ஜி.பி.யோடு நிறுத்திவிட்டது. அதற்கு மேல் மாத வாடகைதான்.

இதுவரை நமக்குள் சண்டை இல்லை. இனிமேல்தான்.

என் அக்கா பையன் போன மாதம் சர்வர் போடக் கிளம்பினான். மூன்று வாரம் ஆராய்ச்சி. "மாமா, க்னோம் போடவா, கேடிஇ போடவா? எக்ஸ்எஃப்சிஇ லைட்டா இருக்குமாமே?" நான் கேட்டேன்: "ஏண்டா, அந்தப் பெட்டியை எங்கே வைக்கப்போற?" ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னாலாம். மானிட்டர் கிடையாதாம். யாரும் பார்க்காத திரைக்கு வால்பேப்பர் தேர்ந்தெடுக்க மூன்று வாரம்!

நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். நானும் செய்தேன்.

சர்வர் என்பது கிணற்று மோட்டார் மாதிரி. தண்ணீர் வந்தால் சரி, மோட்டாருக்கு யாரும் பெயின்ட் தேர்ந்தெடுப்பதில்லை. டெஸ்க்டாப் இல்லாத டெபியன், ஓரிரு நூறு எம்.பி. மெமரியில் அடக்கமாக ஓடும். க்னோம் சும்மா உட்கார்ந்திருக்கவே ஒரு ஜி.பி. அளவுக்குக் கேட்கும். அது கூடப் பரவாயில்லை. 2018-ல் வந்த 3.28-லிருந்து, யாரும் தொடாமல் இருபது நிமிஷம் போனால் கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பதை க்னோம் வழக்கமாக்கிக்கொண்டது. மேஜை கம்ப்யூட்டருக்கு நல்ல பழக்கம்தான். சர்வருக்கு? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் போகும் வாட்ச்மேன் கதை. எங்கள் வீட்டுப் பெட்டி அடிக்கடி 'காணாமல்' போனபோது நெட் கேபிளை இரண்டு தடவை மாற்றினேன். பழி கேபிள் மேல், குறட்டை விட்டது டெஸ்க்டாப்.

"கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயமா இருக்கே சார்" என்பீர்கள். நியாயம். அதற்கு காக்பிட் என்று ஒன்று இருக்கிறது. சர்வரில் அதைப் போட்டுவிட்டால் உங்கள் லேப்டாப் பிரவுசரிலிருந்தே டிஸ்க், மெமரி, அப்டேட் எல்லாம் மவுஸால் பார்த்துக்கொள்ளலாம். அழகு வேண்டுமென்றால் அது இருக்கவேண்டிய இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம். பெட்டியை டி.வி.யோடு இணைத்து அதிலேயே படமும் பார்க்கப்போகிறீர்களா? அப்போது மட்டும் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக்கொள்ளுங்கள், தூக்கத்தை அணைத்துவிட்டு.

அடுத்தது, எந்த லினக்ஸ்? இதில் எனக்கு ஜனநாயகமே கிடையாது. எத்தனை வருஷம் தொந்தரவு செய்யாமல் இருக்கும் என்பது ஒன்றுதான் கேள்வி. ஃபெடோராவின் ஒரு பதிப்புக்கு ஆயுள் சுமார் 13 மாதம். ஆர்ச் பதிப்பே இல்லாமல் ஓடிக்கொண்டே இருப்பது. அதை அடிக்கடி கவனிக்கவேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறதா? சென்ட்ஓஎஸ் 8-ஐ நம்பி 2029 வரை கவலையில்லை என்று இருந்தவர்களிடம், 2020 டிசம்பரில் ரெட் ஹேட் 'அடுத்த வருஷக் கடைசியோடு சரி' என்று சொல்லிவிட்டது. கம்பெனிக்காரன் சமையல், கம்பெனிக்காரன் முடிவு.

ஆகவே டெபியன். 1993-ல் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர், தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து ஆரம்பித்தது. முதலாளி கிடையாது, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பொம்மைகளின் பெயர். (பொம்மைகளை உடைக்கும் பையன் சிட்-இன் பெயர், எப்போதும் நிலையில்லாத பதிப்புக்கு. குறும்பு!) 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் உபுண்டு எல்.டி.எஸ். சர்வர் பதிப்பும் மோசமில்லை, சண்டைக்கு வரமாட்டேன். நிறுவும்போது ஒரு பட்டியல் வரும். டெஸ்க்டாப், க்னோம் இரண்டிலும் ஏற்கெனவே டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். 'எஸ்எஸ்ஹெச் சர்வர்' என்பதில் டிக் போடுங்கள். அவ்வளவுதான், மூன்று வார ஆராய்ச்சி மூன்று டிக்கில் முடிந்தது.

மிச்சமான நேரத்தை எதில் செலவழிக்கவேண்டும்? ஒன்று, கரண்ட். 60 வாட் இழுக்கும் பழைய மேஜைப் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 86 யூனிட். தமிழ்நாட்டில் 2016-ல் அறிவித்தார்களே 100 யூனிட் இலவசம், கிட்டத்தட்ட முழுசாக அதற்கே போய்விடும். பழைய லேப்டாப் பத்து வாட்டில் ஓடினால் 14 யூனிட்தான். பாட்டரி தேறினால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கே கூச்சம். என் முதல் சர்வரில் டெஸ்க்டாப் ஜொலித்தது. ஐகான்களையெல்லாம் மாற்றியிருந்தேன். டிஸ்க்கின் உடல்நிலையைக் கண்காணித்து மெயில் அனுப்பும் ஸ்மார்ட்டி என்ற சின்னப் புரோகிராமை மட்டும் போடவில்லை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுப்பதும் அதே ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வைத்திருந்தேன். டிஸ்க் ஒரு புதன்கிழமை போய்விட்டது. அப்பாவின் சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் அதில் இருந்தன. சித்தி போனில் தேறியது ஒன்பது படம். ஒன்றில்தான் அப்பா சிரிக்கிறார், அதிலும் பாதி முகத்தைப் புரோகிதரின் கை மறைக்கிறது.

அக்கா பையன் நேற்று போன் செய்தான். "மாமா, போட்டாச்சு. ஆனா திரையில ஒண்ணுமே இல்ல, வெறும் லாகின்னு நிக்குது."

"மானிட்டரைப் பிடுங்கு. ரெண்டாவது டிஸ்க் வாங்கிட்டியா?"

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா."

இன்றைக்கே வாங்கச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.