எதிர்க்கட்சி சொன்னது என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுமையாக வாசியுங்கள்.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பொருளாதாரம் பற்றிப் பேசும் வீடியோவை நமது ஊர்க் குழுக்களில் யாராவது போட்டால், கீழே இரண்டு விதமான பதில்கள்தான் வரும். "இவர்கள் இருந்த காலத்தில் என்ன கிழித்தார்கள்?" என்பது ஒன்று. "சரியாச் சொன்னீங்க தலைவரே" என்பது மற்றது. அவர் சொன்ன விடயம் சரியா, பிழையா என்று கதைப்பவர்கள் குறைவு. தொலைபேசியா, திசைகாட்டியா, மொட்டா என்று சின்னம்தான் பார்க்கப்படுகிறது.

ஆசிரியர்களாகிய நாங்கள் கணக்குக் கொப்பியைத் திருத்தும்போது அது யாருடைய பிள்ளையின் கொப்பி என்று பார்த்துப் புள்ளி போடுவதில்லை. செய்கை சரியா, விடை சரியா என்றுதான் பார்க்கிறோம். அரசியல்வாதிகளின் கொப்பியையும் அப்படித்தான் திருத்த வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்தான கதையை அந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ பெரிய வரிக் குறைப்பை வாக்குறுதியாகக் கொடுத்தார். அப்போது நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, அதைச் செய்தால் நாடு வங்குரோத்தாகும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். தோற்கப்போகிற கட்சியின் புலம்பல் என்று அது ஒதுக்கப்பட்டது. டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை உள்ளவர் கட்ட வேண்டியிருந்த வரியை, 300 மில்லியனுக்கு மேல் விற்பவர் மட்டும் கட்டினால் போதும் என்றானது. அரசின் வருமானம் 2021இல் நாட்டு உற்பத்தியில் 8 வீதமளவுக்கு விழுந்தது. மங்கள அந்த ஆண்டு ஆகஸ்டில் கொரோனாவால் காலமானார். அவர் சொன்னது அடுத்த ஆண்டே நடந்தது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற முடியாது என்று விவசாயத் துறை அறிஞர்களும் எதிர்க்கட்சியினரும் சொன்னார்கள். கற்பிட்டியின் மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பேராசிரியர் தேவையில்லை. நம் மண் நீரையும் நிறுத்தாது, உரத்தையும் நிறுத்தாது. நவம்பரில் அரசு தடையை எடுத்தபோது காலம் கடந்துவிட்டது.

அடுத்தது டொலர். ரூபாவை 200க்குக் கிட்ட பலவந்தமாகப் பிடித்து வைத்தார்கள். வங்கியில் கிடைக்கும் பணத்தைவிட உண்டியலில் கூடக் கிடைத்ததால், கட்டாரிலும் சவூதியிலும் இருந்த நம் பிள்ளைகள் எந்த வழியில் அனுப்பினார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2022இல் 3.8 பில்லியனாகக் குறைந்தது. சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள், கடனை மறுசீரமைக்கப் பேசுங்கள் என்று ஹர்ஷ டி சில்வா உட்பட எதிரணியினர் பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அன்றைய மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் அது தேவையில்லை என்றார். 2022 ஜனவரி 18இல், மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நேரத்தில், 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இதன் விலையைக் கட்டியவர்கள் யார்? 900 மெகாவோட் நுரைச்சோலை மின் நிலையத்தின் புகையைப் பார்த்துக்கொண்டே 13 மணிநேர மின்வெட்டில் இருந்தவர்கள் நாம். 2022 ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. இஞ்சின் போட்டில் கடலுக்குப் போகும் நானாமாருக்கு அந்த இரவு இன்னும் நினைவிருக்கும். அடுத்த மாதம் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

ஆனால் எதிர்க்கட்சி சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. பிணைமுறி விற்றுக் கடன் வாங்கும் பழக்கம் 2015 முதல் 2019 வரை ஆண்டவர்களிடமும் இருந்தது. மத்திய வங்கி பிணைமுறி மோசடியும் அவர்களது காலத்தில் நடந்ததுதான். ஈஸ்டர் தாக்குதலும் கொரோனாவும் சுற்றுலாத் துறையை முறித்தன என்று அன்றைய அரசு சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் எதிர்க்கட்சி வேலை பார்த்தார்களா என்பதும் முக்கியமான கேள்வி. 2020 ஒக்டோபர் 22இல் 20ஆவது திருத்தம் நிறைவேறியது. எல்லா அதிகாரமும் ஒரே மனிதரின் கைக்குப் போன நாள் அது. எதிரணியில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் பலர் கையை உயர்த்தினார்கள். நீண்ட காலத்துக்குப் பின் புத்தளம் முஸ்லிம்கள் தராசுக்கு வாக்களித்து அனுப்பிய உறுப்பினரும் அவர்களில் ஒருவர். நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதைக் கேட்காத அதே அரசுதான் பசளையிலும் டொலரிலும் அறிஞர் சொல்லைக் கேட்கவில்லை. அந்தக் காதை மூடிக்கொடுத்ததில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் கப்ரால் முதலான அதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்மானித்தது. நம் பாஷையில் சொன்னால், அமானிதத்துக்குத் துரோகம். ஆனால் 340 ரூபாவுக்கு மண்ணெண்ணெய் வாங்கியவருக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு சதமும் திரும்பி வரவில்லை. அதனால்தான், நீதிமன்றம் பிறகு சொல்வதைவிட எதிர்க்கட்சி முன்பே சொல்வது நமக்குப் பெறுமதியானது.

இனி இன்றைய விடயம். 2023 ஜூலையில் ரணில் அரசு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, சுமையைத் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியத்தின் தலையில் போட்டு வங்கிகளை விட்டுவிட்டார்கள் என்று எதிரணி சொன்னது. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் பணம் அது. நியாயமான விமர்சனம். தேசிய மக்கள் சக்தியும் எதிர்க்கட்சியாக இருந்தபோது நாணய நிதிய ஒப்பந்தத்தை மீண்டும் பேசுவோம் என்றது. 2024இல் ஆட்சிக்கு வந்ததும், தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு ரணில் அரசு பிணைமுறிக்காரர்களுடன் செய்த உடன்பாட்டையே ஏற்று, டிசம்பரில் நிறைவேற்றியது. வற் வரியும் 18 வீதத்தில்தான் நின்றது. ஒப்பந்தத்தை உடைத்தால் நாடு மறுபடி விழும் என்பது அவர்கள் தரும் விளக்கம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் இப்போது தொலைபேசிக்காரர்கள் இதைக் கேட்டால், "நீங்கள் பேசத் தகுதியற்றவர்கள்" என்பது பதிலாகாது. கணக்குத்தான் பதில்.

எனவே நமது வேண்டுகோள் இதுதான். விமர்சனம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மூன்றைக் கேளுங்கள். நடக்க முன்பே சொன்னாரா, நடந்த பிறகு சொல்கிறாரா? வேறு வழி என்கிறாரே, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்கிறாரா? பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வந்தபோது அவரது கை எங்கே இருந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் ஹன்சாட்டில் இருக்கிறது. தேடிப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அவசரம் ஏன் என்றால், நமக்குக் கடன் கொடுத்த நாடுகள் 2024 ஜூன் மாத உடன்பாட்டில் தந்த தவணை 2028 வரைதான். அதன் பிறகு முதலையும் கட்ட வேண்டும். அப்போது ஆட்சியில் யார் இருந்தாலும், "இந்தப் பாதை பிழை" என்று எழுந்து சொல்ல ஆள் வேண்டும். சொன்னவரைத் துரோகி என்று திட்டாத மக்களும் வேண்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். சின்னத்தை விட்டுவிட்டு விடயத்தைக் கதைப்போம்.

வஸ்ஸலாம்.
பள்ளிவாசல்துறையிலிருந்து