பிரோல் எதைக் கைவிட்டார்?

சர்வதேச எரிசக்தி முகமையின் செயல் இயக்குநர் ஃபத்தி பிரோல் எண்ணெய்ப் பாதுகாப்பை மறந்து பருவநிலைப் பிரச்சாரகராகிவிட்டார் என்கிறார்கள். 2022-ஐ இவர்கள் எப்படி மறந்தார்கள்? ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே உறுப்பு நாடுகள் தங்கள் கையிருப்பிலிருந்து 6 கோடி பீப்பாய் எண்ணெயை விடுவிக்க முடிவெடுத்தன. விலை அடங்கவில்லை, ஏப்ரலில் மேலும் 12 கோடி. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு மறுஆண்டு இந்த அமைப்பு பிறந்ததே இதற்காகத்தான். 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான இருப்பு வைக்கும் கடமை இன்றும் அப்படியே இருக்கிறது.

உண்மையில் உறுத்துவது முகமையின் 2021 அறிக்கை. 2050-இல் நிகர சுழிய உமிழ்வை எட்டும் பாதையில், ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவை தவிரப் புதிய எண்ணெய், எரிவாயு வயல்கள் தேவையில்லை என்றது அது. அந்த நிபந்தனையை விழுங்கிவிட்டுச் சண்டைக்கு வருவது நேர்மையல்ல. எண்ணெயை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு, அதன் தேவை குறைவதும் பாதுகாப்புதான். பிரோல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் பணியாற்றிவிட்டு வந்தவர். எண்ணெய்ச் சந்தை அவருக்குப் புதிதல்ல.

தலைமையைக் கேள்வி கேட்க வேண்டுமா? தாராளமாகக் கேளுங்கள். ஆனால், 2017-இல் முகமையின் இணை உறுப்பினரான இந்தியா போன்ற பெரும் நுகர்வு நாட்டை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) நாடுகளுக்கே முழு உறுப்புரிமை என்ற பழைய விதி ஏன் வெளியே நிறுத்தியது என்று கேளுங்கள். அதற்கு உறுப்பு அரசுகளும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும்.