முன்னேசுவரமும் முன்மை மயக்கமும்

ஈழத்துச் சிவத்தலங்களைப் பற்றி எழுதப் புகுவோர் அனைவரும் முதற்பந்தியிலேயே ஒரு வாக்கியத்தைத் தவறாது எழுதிவிடுகின்றனர். விசயன் இலங்கைக்கு வருமுன்னரே இத்தீவில் ஐந்து ஈசுவரங்கள் புகழுடன் விளங்கின என்பதே அது. மேடையில் அதனை முழங்குவர்; கும்பாபிடேக மலர்களில் அச்சிடுவர்; மாணவர் மனனஞ் செய்வர். சிலாபத்தை அடுத்துள்ள முன்னேசுவரம் அவ்வைந்தனுள் ஒன்று. கண்டக்குழி போன்ற புத்தளக் கரையோர ஊர்களிற் பிறந்த எமக்கு எமது மாவட்டத்தின் பழைய வரலாறென்று கையளிக்கப்பட்டது பெரும்பாலும் இவ்வொரு வாக்கியமே. அதனை ஆராய்வது முன்னைநாத சுவாமிக்கும் வடிவாம்பிகைக்கும் செய்யும் நிந்தையெனக் கருதுவோர் இவ்விடத்தே படிப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்வாக்கியம் எங்கிருந்து வந்தது? சேர் போல் ஈ. பீரிஸ் 1917இல் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இடையே கூறிச் சென்ற கருத்து அது. அதற்கு அவர் கல்வெட்டெதனையும் காட்டினாரல்லர். அகழ்வாய்வுச் சான்றும் காட்டினாரல்லர். ஆயினும் அவர் வேறொன்றைக் கண்டார். ஐந்து கோயில்களும் துறைமுகங்களை அண்டி இருக்கின்றன, இது தற்செயலன்று, செல்வம் படைத்த வணிகர் கூடிய இடங்களில் அவர்களது சமயத் தேவையை முன்னிட்டே அவை எழுந்திருக்கவேண்டும் என்றார். முன்னேசுவரத்தை முத்துக்குளிப்புடன் அவர் இணைத்துக் கூறியதும் இதனாலேயே. சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லின் வழிவந்ததென்பர். சிந்தனைக்குரிய பகுதி இதுவாகும். எம்மவரோ இதனை உதறிவிட்டு, நிறுவமுடியாத பகுதியை மாத்திரம் பொறுக்கியெடுத்துத் தலையிற் சூடிக்கொண்டனர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விசயன் கதையைக் கூறும் மகாவமிசம் கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அது கூறும் விசயன் வருகையோ அந்நூலுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டது. அக்கதை புனைவென்று ஒரு மேடையிற் சாடும் அதே பேச்சாளர், அடுத்த மேடையில் அப்புனைவின் நாயகனையே அளவுகோலாக்கி அவனுக்கு முன்னர் நாம் என்கின்றார். விசயன் புனைவாயின் விசயனுக்கு முன்னர் என்பது எந்த ஆண்டு? இவ்வினாவுக்கு இதுவரை எவரும் விடை கூறக் கேட்டிலேன்.

தேவாரத்தை நோக்குவோம். திருக்கேதீசுவரத்துக்கும் திருக்கோணமலைக்கும் பதிகங்கள் உள, முன்னேசுவரத்துக்கு இல்லை. 1344இல் இபின் பதூதா புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினனாய்த் தங்கி, யோகியர் பிராமணர் சிலருடன் சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டான். தெற்கே தெவிநுவரைக் கோயிலை வியந்து எழுதிய அவன், சிலாபத்தைக் கடந்தபோதும் முன்னேசுவரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மௌனம் இன்மைக்குச் சான்றாகாதென்பதை நான் அறிவேன். ஆனால் அது உண்மைக்கும் சான்றாகாதன்றோ? பெயரிலேயே முன் என்று இருப்பதால் அதுவே முதல் ஈசுவரம் எனச் சொல்லாராய்ச்சி செய்வோருக்கு நான் கூறத்தக்கது எதுவுமில்லை.

அங்ஙனமாயின் முன்னேசுவரத்துக்கு வரலாறு இல்லையா? உண்டு; அதுவும் எம் பேச்சாளர் கனவிலும் காணாத அளவுக்குச் சுவையான வரலாறு. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு இக்கோயிற் பூசைக்கு நிலம் வழங்கி, வடமொழியில் கிரந்த எழுத்தாற் சாசனம் பொறித்தான். இவன் பௌத்த மன்னன். சிங்கள இலக்கியத்தின் பொற்காலமெனப் போற்றப்படும் ஆட்சிக்குரியவன். சாசனமோ சிவன் கோயிலுக்கு. எழுத்தோ தென்னாட்டுக் கிரந்தம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஏறத்தாழ இதே காலத்திலேதான் இவனது வளர்ப்பு மகன் சப்புமல் குமாரன், எமது நூல்கள் கூறும் செண்பகப் பெருமாள், யாழ்ப்பாண இராச்சியத்தின்மேற் படையெடுத்து ஆரியச் சக்கரவர்த்தியை வென்றான். நல்லூரை வீழ்த்திய அரசே முன்னேசுவரத்துக்குப் படியளந்தது! அவ்வெற்றியின்பின் தெவிநுவரையிலிருந்து நல்லூரிலிருந்த குமாரனுக்குக் குயிலைத் தூதுவிட்டுப் பாடிய கோகில சந்தேசய என்னும் சிங்கள நூல், வழியிடையே முன்னேசுவரத்தைக் குறிப்பிடுகின்றது. பாடியவர் பௌத்த பிக்கு.

இந்த ஒரு பத்தாண்டுக் காலச் செய்தியை வைத்துக்கொண்டு சிந்திப்பவனுக்கு எத்தனை வினாக்கள் எழும்! வென்ற அரசன் ஏன் சிவன் கோயிலை ஆதரித்தான்? முத்துக் கரையில் அதிகாரத்தை நிலைநிறுத்த அக்கரையின் கோயிலைக் கைக்கொள்வது அவசியமாயிற்றா? கிரந்தம் கற்ற குருமார் எங்கிருந்து வந்தனர்? இனத்தைக் கொண்டே எல்லாவற்றையும் அளக்கப் பழகிய எமது கண்ணுக்கு இவ்வினாக்கள் தென்படுவதேயில்லை. நான் புரட்டிய மலர்களிற் சாசனம் ஒரு வரியிற் கடந்துபோகின்றது. இராமன் பிரமகத்தி தோடம் நீங்கிய கதைக்கோ மூன்று பக்கங்கள்.

பின்னைய வரலாறு சுருக்கமாகவே அமையும். 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இயேசு சபையாரிடம் ஒப்படைக்க, அது இடிக்கப்பட்டு அடித்தளத்தின்மேற் கிறித்தவ ஆலயம் எழுந்தது. கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் அது மீளக் கட்டப்பட்டு 1753இற் குடமுழுக்குக் கண்டது. அதே 1753இலேதான் அம்மன்னன் சீயத்திலிருந்து பிக்குகளை வருவித்து இலங்கையிற் பௌத்த உபசம்பதாவையும் மீட்டெடுத்தான். மதுரை நாயக்க மரபில் வந்தவன் அவன். ஒரே ஆண்டில், ஒரே அரசனாற் சங்கமும் தழைத்தது, சிவன் கோயிலும் தழைத்தது. இன்றும் ஆவணித் திருவிழாவிற் சிங்களப் பௌத்தர் பெருந்திரளாக வந்து வழிபடுகின்றனர். பல்சமய வழிபாடு நிலவும் இத்திருநகரைப் பற்றி 2002இல் விரிவான நூல் எழுதியவர் றொகான் பஸ்ரின் என்னும் மானிடவியலாளர், அதுவும் ஆங்கிலத்தில். எமது பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் அவ்வேளையில் யாது செய்துகொண்டிருந்தன என்று கேட்பது நாகரிகமாகாது.

"எம்மை மறுப்போர் கையில் ஆயுதங் கொடுக்கின்றாய்" என நண்பர் சிலர் கடிந்தனர். நிலைமை நேர்மாறானது. இக்கரையில் தமிழர் ஐரோப்பியர் காலத்திற் குடியேறியோர் எனக் கூறுவோரை விசயனுக்கு முந்திய ஈசுவரம் ஒருபோதும் அசைக்காது. சான்றற்றதைச் சான்றற்றது என்று கூறி அவர்கள் எளிதில் நகர்ந்துவிடுவர். அவர்களை இடறச் செய்வது கோட்டை மன்னனின் கல். புத்தளத்து உள்நாட்டுப் பிரிவொன்று தெமள ஹத்பத்து, அதாவது தமிழ் ஏழு பற்று, என்று நிருவாக ஏடுகளில் வழங்கியமை அவர்களை இடறச் செய்யும். நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கரையோரக் குடும்பங்கள் பல, 20ஆம் நூற்றாண்டிற் கல்விமொழி சிங்களமானதும் தமிழை இழந்தன. அவற்றின் பிள்ளைகளுக்குத் தம் முன்னோர் பேசிய மொழியை எடுத்துக்காட்டப் புராணம் உதவுமா, ஆவணம் உதவுமா?

பழைமையே வேண்டுமென்று அடம்பிடிப்போருக்கும் வழியுண்டு. கண்டக்குழியிலிருந்து பார்த்தாற் கடலேரிக்கு அப்பால், வில்பத்துக் காட்டினுள் பொம்பரிப்பு இருக்கின்றது. 1956இலும் 1970இலும் அங்கு அகழ்ந்தோர், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து ஈமத்தாழிகளைக் கண்டனர். அவை ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. அத்தாழிகளுட் கிடந்தோர் எம்மொழி பேசினர், எத்தெய்வத்தைத் தொழுதனர் என்று எலும்பு கூறாது. ஆனால் இக்கடலின் இருகரை மக்களும் ஒரே முறையில் இறந்தோரைப் புதைத்தனர் என்பது மண் தந்த சான்று. அதனைப் பார்க்கச் சென்ற எம்மவர் எத்தனை பேர்? இராமாயண யாத்திரை என்று சுற்றுலாத்துறையினர் பேருந்துகளில் ஏற்றிவந்து இறக்கும் பயணிகளுக்கு முன்னேசுவரம் இராமன் இளைப்பாறிய இடம் மாத்திரமே. அவ்வணிகக் கதைக்கு வரலாற்று முத்திரை குத்திக் கொடுப்பவை எமது மலர்கள்.

வரும் ஆவணித் திருவிழாவுக்கு மலர் வெளியிட எண்ணுவோர் ஐந்து ஈசுவரப் பந்தியை நீக்கிவிட்டு, அவ்விடத்திலே பராக்கிரமபாகுவின் சாசனத்தை முழுமையாக, தமிழ்ப் பொழிப்புடன் அச்சிடட்டும். பக்கம் போதாதெனின் வாழ்த்துச் செய்திகளிற் சிலவற்றைக் குறைக்கலாம்.