தீக்காய வார்டுக்கு ஒரு டாக்டர் பட்டம்

நர்ஸிங் முடித்த பெண்ணிடம் சொந்தக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள்தான். 'எந்த ஆஸ்பத்திரியில வேலை?', 'வெளிநாடு போறியாம்மா?' 'பிஹெச்.டி. எப்போ?' என்று கேட்பவர்கள் அபூர்வம். நர்ஸுக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்கிறீர்களா? சிவகாசிப் பக்கம் வாருங்கள், பதில் கிடைக்கும்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் விருதுநகர் மாவட்டத்தில் விபத்துகள் நின்றபாடில்லை.

பெரிய தீக்காயத்தில் முதல் 24 மணி நேரம் மிக முக்கியம். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்குப்படி, 50 கிலோ எடையுள்ளவருக்கு உடலில் 40 சதவிகிதம் வெந்திருந்தால், அந்த 24 மணி நேரத்தில் சுமார் 8 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதி, முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த நேரம் தீப்பட்ட நிமிடத்திலிருந்தே ஓட ஆரம்பித்துவிடுகிறது. சிவகாசியிலிருந்து மதுரைக்குச் சுமார் 70 கி.மீ. டிரிப்ஸ் வேகத்தையும் சிறுநீரின் அளவையும் மணிக்கு மணி பார்த்து, எங்கோ பிசகுகிறது என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நர்ஸ்.

வழியில் நேரம் எங்கே வீணாகிறது? கட்டு மாற்றும்போது வலியை எப்படிக் குறைப்பது? வீடு திரும்பிய பிறகு விரல்கள் மடங்கி ஒட்டிப்போகாமல் இருக்க யார் பயிற்சி தருவது? இவை எல்லாமே ஆராய்ச்சிக்கு உரிய கேள்விகள்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற உயர்நிலைப் பயிற்சி அமெரிக்காவின் கொலராடோவில் 1965-ல் தொடங்கியது. நோயாளிக்கு அருகில் இருந்தபடியே முன்னேற வழிசெய்யும் 'டாக்டர் ஆஃப் நர்ஸிங் பிராக்டிஸ்' பட்டம், 2001-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் வந்தது.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது, இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016-ல் கொண்டுவந்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு. பி.எஸ்ஸி. நர்ஸிங்கும் பணி அனுபவமும் இருந்தால் சேரலாம், 2 ஆண்டுகள். ஆராய்ச்சிதான் ஆசை என்றால், எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலோ, கவுன்சிலின் தேசியக் கூட்டமைப்பு வழியாகவோ பிஹெச்.டி. முயலலாம்.

ஆனால் ஒரு சிக்கல். நம் ஊரில் பிஹெச்.டி. வாங்கியவர் பெரும்பாலும் கல்லூரி வகுப்பறைக்குப் போய்விடுகிறார். வார்டு அவரை இழந்துவிடுகிறது. 2022-ல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அங்கே, சிவகாசியின் காயங்களைப் படித்த நர்ஸுக்கு, படித்த படிப்புக்கேற்ற பதவியும் சம்பளமும் வார்டிலேயே கிடைத்தால் எப்படி இருக்கும்!

பெற்றோர்களே, 'இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?' என்று மகளைக் கேட்கும் முன், அவள் எதைப் படிக்கப் போகிறாள் என்று ஒருமுறை கேளுங்கள். நம் தெருப் பிள்ளைகளின் உயிர் அந்தப் படிப்பில் இருக்கலாம்.