டப்பாவில் இருக்கும் ஏலக்காய் முளைக்குமா?



மொட்டைமாடியில் தக்காளி, கத்தரி வளர்த்துப் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை ஏலக்காய் மீது வருவது இயல்புதான். பாயசத்துக்கு நாலு காய் தட்டிப் போடும்போதே அதன் விலை மனதில் ஓடுகிறது. டப்பாவில் இருப்பதையே உடைத்து விதைத்தால் என்ன என்று யாருக்குத்தான் தோன்றாது?

பெரும்பாலும் முளைக்காது. உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். நிறமும் மணமும் நிற்க வேண்டும் என்பதால், கடைக்கு வரும் காயை முழுதாகப் பழுக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். பிறகு அது 50 டிகிரி வாக்கிலான சூட்டில் ஒரு நாள் போல உலர்கிறது. அந்தச் சூட்டையும், அதன்பின் மூட்டையில் கிடக்கும் மாதங்களையும் ஏல விதை தாங்காது.

விதைக்கு வேண்டியது செடியிலேயே பழுத்த காய். உள்ளே விதை நன்றாகக் கறுத்திருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள வழவழப்பைக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, நாள் கடத்தாமல் விதைத்துவிட வேண்டும். மேலாக மண் தூவினால் போதும். அதன்மேல் வைக்கோல் பரப்பி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் கெட்டியான விதை என்பதால் நர்சரிகளில் சிறிது நேரம் ஆசிட்டில் நனைப்பார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். முளைக்கச் சில வாரங்கள் கூடுதலாகும், அவ்வளவுதானே?

காத்திருப்பு அதோடு முடியாது. நாற்று நடும் பருவத்துக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். நட்ட பின் காய் பார்க்க இன்னும் இரண்டு, மூன்று வருடம்.

எஸ்டேட்காரர்கள் ஏன் விதையை விட்டுத் தூரிலிருந்து பிரித்த கன்றையே நடுகிறார்கள்? தேனீ பல செடிகளின் மகரந்தத்தைக் கலப்பதால், விதையில் வந்த செடி தாய்ச்செடி போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' ரகம் பரவியதும் கன்றுகள் வழியாகத்தான். ஆனால் விதைக்கும் ஒரு பலம் உண்டு. ஏலத்தை அழிக்கும் கட்டே நோய் கன்று வழியாகவும் அசுவினி வழியாகவும் பரவும், விதை வழியாகப் பரவாது.

எங்கே வளர்ப்பது? கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,200 மீட்டர் வரை உயரம், மர நிழல், நல்ல மழை, இதுதான் ஏலத்தின் ஊர். இடுக்கி மலைகளும், நம் கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசை, பண்ணைக்காடு பக்கமும் அப்படிப்பட்டவை. சென்னை, மதுரை வாசகர்களுக்கு நேராகவே சொல்கிறேன்: நிழலும் ஈரமும் கொடுத்தால் இலை வரும், காயை எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள். இலைக்கும் நல்ல மணம் உண்டு என்பதால், ஒரு தொட்டி வைப்பதில் தவறில்லை.

ஏலம் தண்டின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையருகே கிளம்பும் சரத்தில்தான் பூவும் காயும். தேனி மாவட்டத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறிப் போகும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே பறிக்கிறார்கள். எல்லாக் காயும் ஒன்றாக விளைவதும் இல்லை, அதே செடிக்கு மாதம் ஒன்று, ஒன்றரை கழித்துத் திரும்ப வர வேண்டும். விலையைப் பேசும்போது அந்தக் கூலியையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

மலைப்பகுதி வாசகர்கள் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டால், பழுத்த காய் நாலைந்து தரமாட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முளைத்ததும் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை நாளில் முளைத்தது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்