கடிச்சா தெரியாதா?

ஆவடி, பூந்தமல்லி பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? அப்போ இது உங்களுக்குத்தான்.

போன மழைக்கு எங்க ரூம் வாசல்ல, செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பாம்பு. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். கட்டுவிரியனா, அதே ஜாடையில் இருக்கும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனா என்று பார்ப்பதற்குள் போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரியும் நாலு பேரும் தரையில்தான் படுத்தோம். "கடிச்சா தெரியாதா மச்சான், எழுந்துடுவோம்ல" என்றான் ஒருத்தன். நானும் தலையாட்டினேன். கட்டுவிரியன் விஷயத்தில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை கிடையாது. ஏன்னு புரியணும்னா நரம்பு முனைக்குள்ளே கொஞ்சம் போகணும். (நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் தடுக்கினா எடிட்டர் பார்த்துப்பாங்க.)

அம்பத்தூரில் தண்ணி கேன் எப்படி வருது? கேன் போடுற அண்ணன் தினமும் புது கேன் செய்து கொண்டு வருவதில்லை. காலி கேனை எடுத்துப் போய்க் கழுவி, நிரப்பி, திரும்பப் போடுறார். காலி கேன் திரும்பலைன்னா ரெண்டு நாளில் தண்ணி நின்னுடும். நரம்பும் அப்படித்தான். அதன் முனையில் 'சைனாப்டிக் வெசிக்கிள்' என்று குட்டிக் குட்டிப் பைகள், ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர். உள்ளே அசிட்டைல்கோலின். மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும், பை வெளிச்சவ்வோடு கலந்து சரக்கைக் கொட்டும், தசை சுருங்கும். பயாலஜி குரூப் எடுத்தவங்க இதுவரைக்கும் பிளஸ் டூவிலேயே படிச்சிருப்பீங்க. காலிப் பை என்ன ஆச்சு என்று நாம யாரும் கேட்டதில்லை.

புதுசாகச் செய்து அனுப்ப நேரமில்லை. கால் தசைக்குப் போகும் நரம்பின் செல் உடல் இருப்பது முதுகுத்தண்டில். அங்கே செய்த புரதம் பாதத்துக்கு வந்து சேர நாள் கணக்காகும். அதனால் முனையிலேயே மறுசுழற்சி நடக்குது. சவ்வில் கலந்துபோன பகுதியை கிளாத்ரின் என்ற புரதம் கூடை பின்னி உள்ளே இழுக்கும். டைனமின் அதன் கழுத்தை நெரித்து அறுத்துவிடும். பிறகு ஒரு பம்ப் புரோட்டான்களை உள்ளே தள்ள, அந்த வேகத்தில் பை மறுபடி நிரம்பும். வெளியே கொட்டியதும் வீணாகாது. அதை ஒரு நொதி உடைக்க, கோலின் நரம்புக்கே திரும்பிவிடும்.

இந்த சுழற்சி நின்னா? 'ஷிபிரே' என்று ஒரு பழ ஈ வகை இருக்கு. அதன் டைனமின் சூட்டில் வேலை செய்யாது. 29 டிகிரியைத் தாண்டினால் சில நிமிஷத்தில் செயலிழந்து விழும், குளிர்ந்தால் எழுந்துவிடும். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கே.எஸ். கிருஷ்ணன், மணி ராமசாமி, ரெஜிஸ் கெல்லி மூவரும் 1994இல் இந்த ஈயின் நரம்பு முனையில் ஒளிரும் சாயம் ஏற்றி, பைகள் திரும்பும் வழியைக் கண்ணால் பார்க்கவே வைத்தார்கள்.

ஈக்குச் சூடு தணிந்தால் போதும். கட்டுவிரியன் கடித்த மனுஷனுக்கு அந்த வசதி இல்லை. அதன் நஞ்சில் இருக்கும் பீட்டா பங்காரோடாக்சின் வகைப் புரதம் நரம்பு முனைச் சவ்வின் கொழுப்பையே வெட்டுது. இருக்கிற பைகள் சரக்கைக் கொட்டித் தீர்க்கும், காலிப் பைகள் திரும்பாது, கடைசியில் முனையே சிதையும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். சிதைந்த முனையை அதால் ஒட்ட முடியாது. முனை மறுபடி வளரும் வரை, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ, வென்டிலேட்டர்தான் மூச்சு. அதனால்தான் மருந்து சீக்கிரம் ஏறணும்.

இதில் கொடுமை, கடித்த இடம் பெரிசா வலிக்காது, வீங்காது. தூங்குறவன் தூங்கிட்டே இருப்பான். விடியக்காலை வயித்து வலி, வாந்தி. நம்ம பசங்க கேஸ் டிரபிள்னு சோடா வாங்கிட்டு வருவாங்க. இமை தொங்கி, எச்சில் முழுங்க முடியாமல் போகும்போது நேரம் போயிருக்கும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்கு வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்பது ஆய்வுக் கணக்கு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுக்குது. அவங்க வேலையை அவங்க செய்யுறாங்க. நாம?

போஸ்டர்களில் 'பதறாதீர்கள், உடனே மருத்துவமனை' என்று மட்டும் போடுறதில் எனக்கு உடன்பாடில்லை. வலியே இல்லாதவன் ஏன் உடனே ஓடணும்? காலி கேன் கதையைச் சொன்னால் ஒருத்தனும் காத்திருக்க மாட்டான். 'மெக்கானிக்கலுக்கு எதுக்கு பயாலஜி' என்று கேட்கிறவங்களுக்கும் இதே பதில்தான். பத்து நிமிஷம் போதும். முதல் வருஷ ஓரியன்டேஷனில் அந்தப் பத்து நிமிஷம் கேட்டு மனு எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துப் போட வாங்க. அதுக்கு முன்னாடி கட்டில் இல்லாதவங்க ஒரு கொசுவலை வாங்கி, ஓரத்தைப் பாய்க்கடியில் நல்லா செருகிட்டுப் படுங்க. கடிச்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே 108.